பூட்டக்காவும் தம்பியின் ஸ்கேனும்

எங்கள் ஸ்கேன் சென்டரில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். வைத்தது வரவேற்பு மேசையில் உட்காரும் நான்தான். ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரில் பூட்டி, கிளவுடில் ஏற்றி, வெளியூர் டாக்டர்களோடு பகிர்வது அவள் வேலை. பூட்டைத் திறக்கும் சாவி எண்ணை மட்டும் போனில் வாயால்தான் சொல்வாள். “பூட்டையும் சாவியையும் ஒரே பையில போட்டா அனுப்புவாங்க?” என்று என்மேல் எரிந்து விழுவாள். தங்கமான மனுஷிதான், ஆனால் ஓர் இடத்தில் நிலையாக உட்காரமாட்டாள். “கதவைப் பூட்டிட்டு இழுத்து இழுத்துப் பாக்குறா. போன மாசம் கைப்பிடி கையோட வந்துடுச்சும்மா” என்று அவள் வீட்டுக்காரர் என்னிடம் புலம்பியிருக்கிறார்.

அவள் தம்பிக்குத் தலையில் கட்டி. எங்களிடமே ஸ்கேன் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே வெளியூர் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டான். மறுநாள் மத்தியானம் படத்தைப் பூட்டி அனுப்பினாள். அடுத்த நாள் காலையில் ஆபரேஷன். தவறினால் மறுபடி தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு.

கொஞ்ச நேரத்தில் டாக்டரின் உதவியாளர் போன் செய்தார். “படம் தொறக்குது மேடம். ஆனா கைரேகை எண் பொருந்தலைன்னு செவப்பா காட்டுது.”

மெஷினில் படம் பிறந்ததுமே அதற்கொரு நீண்ட எண் விழும். அதைத்தான் கைரேகை என்போம்; படத்தோடு அதையும் அனுப்புவோம். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மொத்தமாக மாறிவிடும். அக்காவின் முகம் வெளுத்தது.

“படம் தெளிவாத்தான் இருக்கு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா டாக்டர் கையில குடுத்துடுவேன். அவர் இப்ப கிளம்பிடுவார்.”

“குடுக்காதீங்க!” என்று கத்திவிட்டு போனை வைத்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏன்க்கா, உன் தம்பி உயிரு! ஒரு நம்பருக்காகவா ஆபரேஷனைத் தள்ளிப் போடுவ? சரின்னு சொல்லித் தொலையேன்!”

“சும்மா இருடி. மெஷின்ல இருக்குற படத்தைப் பாக்கணும்” என்று மெஷின் அறைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மெஷினில் இருந்த மூலப் படத்தையும் அனுப்பிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஓரத்தில் இருந்த வலது, இடது குறிகள் ஒன்றுபோலத்தான் இருந்தன. கட்டி மட்டும் ஒன்றில் இந்தப் பக்கம், மற்றதில் அந்தப் பக்கம்.

“ஐயோ!” என்று தலையில் கை வைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான்தான்டி. நானேதான்.”

ஸ்கேன் படத்தில் நம் வலது பக்கம் திரையின் இடப்பக்கம் தெரியும், டாக்டர் எதிரில் நின்று பார்ப்பதுபோல. ஊருக்குக் கிளம்பும் முன் தம்பி வந்து, “எந்தப் பக்கம்க்கா?” என்று கேட்டிருக்கிறான். வலப்பக்கம் இருந்த கட்டியைப் படத்தில் பார்த்து, இடது என்று தப்பாக நினைத்துப் பயந்திருக்கிறான். அவனுக்குப் புரியட்டும் என்று கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். மூடும்போது கம்ப்யூட்டர் சேமிக்கவா என்று கேட்க, கண்ணீரோடு ஆமாம் என்று அழுத்தியிருக்கிறாள். எண்ணை அதற்கு முன்பே சரிபார்த்தாகிவிட்டதே என்று மறுநாள் அப்படியே பூட்டி அனுப்பிவிட்டாள்.

நான் அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். என் பேச்சைக் கேட்டிருந்தால் கட்டியில்லாத பக்கத்தை அல்லவா திறந்திருப்பார்கள்!

முதலில் அனுப்பிய படத்தை அழிக்கச் சொல்லிவிட்டு மூலப் படத்தை அனுப்பினாள். வண்டியில் ஏறப்போன டாக்டரை உதவியாளர் ஓடிப் பிடித்தாராம். எண் பொருந்தியது. அப்போதும் அக்கா உட்காரவில்லை. அறைக்குள்ளேயே நடந்தபடி தம்பிக்குப் போன் போட்டாள்.

“எந்தப் பக்கம்னு சொல்லுடா.”

“வலதுக்கா. நீதானே காட்டுன?”

“அந்த இடத்துல கை வை. வெச்சிட்டியா?”

“வெச்சிட்டேன்க்கா. ஏன்?”

“எடுக்காத. டாக்டர் வந்து பாக்குற வரைக்கும் எடுக்காதடா.”