நஸ்லியா கேட்காமல் திறக்காத மடல்கள்

செய்தி வந்தபோது நான் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கைபேசியில் நஸ்லியாவின் பெயர் விழுந்தது. சந்தோஷமாக எடுத்தேன். பேசியவர் அவருடைய தங்கை.

"சுகந்தி அக்காவா? ராத்தா மௌத்தாகிட்டா. நேத்து அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிட்டம். உங்களுக்குச் சொல்லேல்லை எண்டு இப்பதான் ஞாபகம் வந்தது."

சிறுநீரக நோய் முற்றி, புத்தளத்தில் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வருவார் என்றே நினைத்திருந்தேன். பஸ் வந்தது, ஏறினேன். கிளிநொச்சி அலுவலகத்தில் இப்போது இருப்பவர்கள் எல்லோரும் புதியவர்கள். பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொன்னேன். "ஆர், மிஸ், அவா?" என்று கேட்டாள். "முந்தி இஞ்ச வேலை செய்தவா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் தன் திரைக்குத் திரும்பினாள்.

ஆகவே, முன்பு இங்கே வேலை செய்த உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் அநேகர் நஸ்லியாவின் முகத்தைப் பார்த்ததில்லை. என்றோ ஒரு நாள் கிளிநொச்சியிலிருந்து ஒரு பெண் அழைத்து, உங்கள் பழைய மின்னஞ்சல்களைப் பற்றிப் பேசியது நினைவிருக்கலாம். அவர்தான்.

எங்கள் தொண்டு நிறுவனம் வன்னியில் இயங்கிய காலமெல்லாம் ஊழியர்கள் எழுதிய மின்னஞ்சல்கள் வன்தட்டுகளில் கிடந்தன. போருக்கு முன் எழுதியவை, போருக்குள் எழுதியவை, பின் எழுதியவை எல்லாம் ஒரே குவியல். சேவைச் சான்று தேவைப்பட்டவர்கள் வருவார்கள். தம் காணியில் கிணறு வெட்டியதற்கு ஆதாரம் கேட்டு வருவார்கள். காணாமற்போன ஒருவரின் பெயர் கடைசியாக எங்கே எழுதப்பட்டது என்று கேட்டும் வருவார்கள். பதில் அந்தக் குவியலுக்குள் இருக்கும் என்று தெரியும். எடுத்துக் கொடுக்க வழியில்லை. பெயரைத் தட்டினால் மடல் வரும்படி அதை ஒழுங்குபடுத்தும் வேலைக்கு நஸ்லியாவையும் என்னையும் போட்டார்கள்.

முதல் நாள் 'கிளிநொச்சி' என்று தட்டினோம். ஒன்றுமே வரவில்லை. கிளிநொச்சியிலிருந்தே எழுதப்பட்ட மடல்கள்! அந்தக் காலத்தில் எல்லோரும் பாமினி எழுத்துருவில் எழுதியிருந்தார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்று ஒருவர் எழுதியது அதற்கு எம், கே, ஓர் அரைப்புள்ளி, பிறகு கே, எச். கொழும்பிலிருந்த பொறியியலாளர் மாற்றித்தர ஒரு நிரல் எழுதினார். அது தமிழைத் தமிழாக்கியது, இடையில் வந்த ஆங்கிலத்தையும் விளங்காத தமிழாக்கியது. ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்க்க வேண்டியதாயிற்று. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியவர்கள் இன்னொரு பாடு. "துணுக்காயை இவ்வளவு விதமா எழுதலாம் எண்டு துணுக்காய்க்காரருக்கே தெரிஞ்சிராது" என்று நஸ்லியா சிரிப்பார். அந்த எழுத்துப் பிழைகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி, எப்படித் தட்டினாலும் ஊர் வரும்படி செய்தார்.

தேடல் வேலை செய்யத் தொடங்கிய வாரத்தில்தான் அது நடந்தது. ஏதோ ஒரு கிராமத்தின் பெயரைத் தட்டினோம். அறிக்கைகளுக்கு நடுவே, அங்கே வேலை செய்த ஒரு பெண் தன் தோழிக்கு எழுதிய மடல் வந்து நின்றது. கணவனின் அடி தாங்காமல் வீட்டை விட்டு வெளிக்கிட்ட கதை. நஸ்லியா இரண்டு வரி வாசித்ததும் திரையை மூடிவிட்டார்.

"சுகந்தி, இது நாளைக்கு ஆர் தட்டினாலும் வரும், என்ன?"

"ஓம்."

"அப்ப அவாவைக் கேக்க வேணும்."

இணையவழிக் கூட்டத்தில் பணிப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. அலுவலகக் கணக்கில் எழுதியதெல்லாம் அலுவலகத்தின் சொத்து என்றார். நஸ்லியா குரலை உயர்த்தவில்லை. "கொம்பியூட்டர் உங்கட, சேர். அந்தக் கதை அவாவின்ர." எழுதியவர்களைக் கேட்டுப் பார்க்க, வேலை முடியும் வரைக்கும் பணிப்பாளர் அவகாசம் தந்தார்.

பிறகுதான் உங்களுக்கெல்லாம் அழைப்பு வந்தது. சொந்தக் கதை இருந்த ஒவ்வொரு மடலையும் ஒதுக்கி வைத்து, எழுதியவரின், அவர் இல்லையென்றால் வீட்டாரின், இன்றைய இலக்கத்தைக் கண்டுபிடித்து அழைத்தார். சிலர் ஏசினார்கள். சிலர் அழுதார்கள். சிலர் அழிக்கச் சொன்னார்கள், அழித்தார். பதில் வராதவற்றைப் பூட்டியே வைத்தார்.

தவம் அண்ணை துணுக்காயிலிருந்து மோட்டார் சைக்கிளில் நேரே வந்துவிட்டார். முன்பு எங்கள் கள அலுவலர், இப்போது வயல் செய்கிறார். போரின் கடைசி மாதங்களில் காணாமற்போன குகன் அவருடைய நண்பர். குகன் முல்லைத்தீவு அலுவலகத்திலிருந்து அவருக்கு எழுதிய மடல்களை நஸ்லியா திறந்து காட்டினார். முதல் மடலே தவம் அண்ணையின் சமையலைப் பற்றியது. 'நீ வைக்கிற சொதியை ஆசுப்பத்திரிக்குக் குடுக்கலாம், நோயாளியளுக்கு ஒண்டும் செய்யாது' என்று எழுதியிருந்தார். தவம் அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் கண்ணைத் துடைத்தார்.

"இவன் பகிடிக்காரன் எண்டதையே மறந்துபோனன், பிள்ளை. காணேல்லை எண்டது மட்டுந்தான் மிஞ்சி இருந்தது."

"இதை என்ன செய்யிறது, அண்ணை?"

"இருக்கட்டும். அவன்ர மகள் ஒரு நாள் தேடினால் வரவேணும்."

அவர் போன பிறகு நஸ்லியா அந்த மடல்களைத் தேடலில் சேர்த்தார். "உமக்கு ஆரையும் தேட இல்லையா?" என்று கேட்டேன்.

"தொண்ணூறில முஸ்லிம் சனத்தை வெளியேற்ற, நாங்கள் முல்லைத்தீவை விட்டு வெளிக்கிட்டபோது ஈமெயில் எங்க, சுகந்தி? எங்களைப் பற்றி இதுக்குள்ள ஒண்டும் இல்லை. என்ர பேரைத் தட்டிப் பாத்தனான். 'இணைப்பைப் பார்க்கவும்', 'இணைப்பைப் பார்க்கவும்'. அவ்வளவுதான் நான் எழுதினது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருடைய குடும்பத்தில் வன்னிக்குத் திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான். வாடகை அறை, ஒரு மேசை விசிறி, பெருநாளுக்குப் புத்தளம் பஸ். ஊர் முழுவதின் கதையையும் காதில் வாங்கியவர், தன் கதையைச் சொல்ல ஆளில்லாமல் இருந்தார் என்பது எனக்கு அவர் இறந்த பிறகுதான் முழுதாக உறைத்தது.

செய்தி வந்த நாலாம் நாள் அலுவலகத் தொலைபேசி அடித்தது. வெளிநாட்டு அழைப்பு, வயதான ஓர் அம்மாவின் குரல்.

"நஸ்லியா எண்டு ஒரு பிள்ளை எப்பவோ மெசேஜ் விட்டிருந்தா. என்ர மகன்ர மடல் ஒண்டு இருக்காம். கேக்கிற தைரியம் இவ்வளவு நாளும் வரேல்லை. அவாவோட கதைக்கலாமோ?"

சொன்னேன். மறுமுனையில் விசும்பல் கேட்டது. "நான் அவாவைக் கண்டதும் இல்லை, பிள்ளை. அந்த மெசேஜை அழிக்கேல்லை. எத்தினை தரம் கேட்டிருப்பன்." அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. நஸ்லியாவுக்காக என்னோடு சேர்ந்து அழுத ஒரே ஆள், எனக்குப் பெயர் தெரியாத அந்த அம்மா.

மகனின் மடல் பூட்டியே இருந்தது. இனி அதன் பொறுப்பு என்னுடையது. திறக்கும் இடத்துக்கு வந்த என் விரல் விசைப்பலகையின் மேல் நின்றது. "அம்மா, இதை நான் வாசிக்கலாமோ, இல்லை உங்களுக்கு மட்டும் அனுப்பட்டோ?" என்று கேட்டேன்.

அந்தத் தயக்கம் என்னுடையதாக இருந்ததில்லை. அது நஸ்லியாவிடமிருந்து எனக்கு வந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.