ஃபிரிட்ஜுக்குள்ள சிமெண்ட் கல்லு

கல்லு எப்ப கெடும்னு காத்துகினு ஒக்காந்து சம்பளம் வாங்குறதுக்குப் பேருதான் சிமெண்ட் டெஸ்டிங். பாலிடெக்னிக்ல பாதியில கயண்டுகினு, எங்கயும் நெலையா நிக்காம ஓடி, கடைசியா தொண்ணூறுங்கள்ல அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு லேப்ல மாட்னேன். மே மாசம் ஷீட்டு கூரைக்குக் கீழ வெந்தவங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

குளுகுளு கல்லு

சிமெண்ட்ல சுண்ணாம்புக்கல்லு பவுடர் கலந்து, அத வெச்சி வடக்க மலையில சொரங்கம் கட்டப் போறாங்களாம். அங்க ஒரே குளுரு, மண்ணுல கந்தக உப்பு வேற. தாங்குமா? இதான் எங்க கோமதி மேடத்துக்கு வேலை. அம்பத்தூர்ல குளுருக்கு எங்க போறது? ஒரு பழைய ஃபிரிட்ஜ். அதுக்குள்ள அந்தக் கந்தக உப்புத் தண்ணி டப்பா, டப்பால அந்த சிமெண்ட்ல வார்த்த குட்டிக் குட்டி கல்லு. ஒப்பிட்டுப் பாக்க, அதே கல்லு கொஞ்சம் வெளிய பக்கெட்லயும் அதே தண்ணில மாசக்கணக்கா ஊறும். "நடுவுல குளுரு வுட்டுச்சின்னா அவ்ளோதான், மறுபடி செய்ய வுட மாட்டேன்"னுட்டாரு மொதலாளி.

மேடம் அந்தக் கல்லுங்கள கைப்புள்ள மாதிரி பாத்துக்கினாங்க. ஒருநாள் மெஷின் ஓட்டுற ஏகாம்பரம் அண்ணன், டப்பா நடுவுல மோர் பாட்டில சொருவி மாட்டிகினாரு. மேடம் மொறச்சாங்க. அவரு நெத்தி வேர்வைய தொடச்சிகினே சொன்னாரு: "கல்லு ஜம்முனு கீது மேடம், மனுசன்தான் வெந்துகினு கீறான்."

ஒரு கிலோ குடுங்க

உப்புத் தண்ணிய அப்பப்ப மாத்தணும். ஒரு தபா லேப்ல உப்பு தீந்துபூட்ச்சி. "மெடிக்கல்ல கெடைக்கும், வாங்கினு வா. சுத்தமா இருக்கான்னு நான் பாத்துக்கறேன்"னு மேடம் சீட்டுல இங்கிலீஷ்ல உப்பு பேர எழுதிக் குடுத்தாங்க. அது பேதி உப்புன்னு சொல்லல. கள்ளிக்குப்பம் மெடிக்கல்ல போயி, கெத்தா, "ஒரு கிலோ குடுங்க"ன்னேன்.

கடைக்காரரு என்ன மேலயும் கீயயும் பாத்தாரு. கடைய வுட்டு வெளிய வந்து, தோள்ல கைய வெச்சி, மெதுவா கேட்டாரு: "ஒரு ஸ்பூன் போதும்பா. எத்தினி நாளா போவல?"

ஐஸ் பார்

டெஸ்ட்டு முடியப் போற நேரம், டமால்னு டிரான்ஸ்பார்மர் வெட்ச்சிது. கரண்டு நாளைக்குத்தான்னுட்டாங்க. மேடம் ஃபிரிட்ஜ் கதவ கட்டிப் புட்ச்சிகினு நின்னாங்க, மூஞ்சில ஈ ஆடல. நான் சைக்கிள எட்த்துகினு ஐஸ் ஃபேக்டரிக்குப் பறந்தேன்.

"அண்ணாத்த, சீக்கிரம் ஐஸ் பாரு குடு, கெட்டுப்பூடும்"னேன். அவரு என் மூஞ்சியப் பாத்தாரு. நல்ல பாரா பாத்து எட்த்து, கோணில சுத்தி, கேரியர்ல அவரே கட்னாரு. "எப்ப எட்க்குறாங்க?"ன்னாரு.

"மேடம்தான் சொல்லணும்"னேன்.

அப்பதான் எனக்கு வெளங்கிச்சி, எங்க ஏரியால அவ்ளோ பெரிய ஐஸ சாவு வூட்டுக்குத்தான் வாங்குவாங்கன்னு. எனக்கு சிரிப்பு முட்டுது. குனிஞ்சிகினேன். தோளு குலுங்குது. அத அயுகைன்னு நெனச்சி, அந்த மனுசன் தன் துண்டால என் மூஞ்சியத் தொடச்சாரு: "மனச தேத்திக்கோ நைனா, கடைசி வரைக்கும் கூடவே இரு."

தெறந்த அன்னிக்கி

கூடவேதான் இருந்தேன். குளுரு வுடல. கடைசி நாள் மேடம் டப்பாவத் தெறந்தாங்க. வெளிய பக்கெட்ல ஊறுன கல்லு கிண்ணுனு கீது. ஃபிரிட்ஜ்ல குளுர்ல இருந்த அதே கல்லோ, வெரல் வெச்சா கொயகொயன்னு வெள்ளச் சேறா வருது. போச்சி, நான் போட்ட ஐஸால கெட்டுப்பூட்ச்சின்னு நெனச்சேன். இந்த தபா நெஜமாவே கண்ணுல தண்ணி. "கல்லுக்கு அயுவுறான் பாரு"ன்னு ஏகாம்பரம் அண்ணன் சிரிச்சாரு.

மேடம் அந்தச் சேற உள்ளங்கையில ஏந்திகினு, எங்கிட்ட காட்னாங்க: "டேய், ஐஸால இல்ல, குளுரும் அந்த உப்பும் சேந்தா இந்த சிமெண்ட் தாங்காது, இனிமே சொரங்கத்துல இத போட மாட்டாங்க. இது இங்க கரைஞ்சதாலதான் அங்க யாரு தலை மேலயும் விழப் போறதில்ல."

ஒயுங்கா சாவட்டும்னுதான் அத்தினி மாசம் குளுர வெச்சிக் காப்பாத்தினோம்னா, "எப்ப எட்க்குறாங்க"ன்னு அந்த ஐஸ்கார அண்ணாத்த கேட்டதுல இன்னாங்க தப்பு?