மிச்சப் பொட்டலம்

எழுபத்தைந்தாம் வருஷம் தை மாதம் என் வயிறு ஐந்து மாதக் கர்ப்பம் போல வீங்கியது. எங்கள் ஊர் வடகரப்பதியில் பார்க்கிறவர்களெல்லாம் "விசேஷமுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சினைப்பையில் கட்டி, அதுவும் அபூர்வமான வகை என்றார்கள். மாதா மாதம் மருந்து ஏற்றினார்கள். தலைமுடி கொத்துக் கொத்தாகப் போனது, கட்டி மட்டும் அசையவில்லை. நாலாவது மாதம் டாக்டரம்மா, "இது மருந்துக்குக் கட்டுப்படாதும்மா. அறுத்து எடுத்துத்தான் ஆகணும். தள்ளிப் போடாதீங்க" என்றார்.

தள்ளிப் போடுவதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆளில்லை. மாரியம்மனிடம் பூக் கேட்காமல் எங்கள் வீட்டில் கிணறுகூட வெட்டமாட்டோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஆத்தாள் காலடியில் வைத்தால் பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. மிச்சப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை, அப்படியே கிணற்றில் போட்டுவிடுவோம். பொட்டலம் கட்டுவது என் வீட்டுக்காரர் வேலை.

ஆப்பரேஷனுக்குப் பூக் கேட்டோம், சிவப்பு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டோம், சிவப்பு. அதற்கடுத்த வெள்ளியும் சிவப்பு. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, இதில் பூ வேறு! "ஆத்தா, சாகோணும்னா நேராச் சொல்லு. என்னை ஏன் இப்படி இழுத்தடிக்கற?" என்று சன்னிதியிலேயே கத்தினேன். கும்பிடக்கூடத் தோன்றவில்லை. நான் மனசாரச் செய்த பிரார்த்தனை அதுதான். கத்திய வேகத்தில் என் கை தானாக நீண்டு மிச்சப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தது.

அதிலும் சிவப்பு.

என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மூணு தடவையும் ரண்டுலயும் செவப்பத்தான் வெச்சேன். எந் தங்கச்சி ஆப்பரேசனுக்குப் போயித் திரும்பி வரவே இல்ல. உன்னையும் கொண்டுபோயி உட்டுட்டு வரச் சொல்றயா?"

"ஏனுங்க, ஆத்தாளையே ஏமாத்துனீங்களா? கெளம்புங்க, வேலந்தாவளம் போயி பஸ்ஸு புடிக்கோணும்" என்றேன்.

திங்கட்கிழமை ஆப்பரேஷன். கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுத்தார்கள். முழுசாக எடுத்தாயிற்று, இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் கைவைத்திருக்க முடியாது என்றார் டாக்டரம்மா. ஆத்தாளை நினைத்து அன்றைக்குத்தான் அழுதேன்.

நாலு வருஷம் ஆகிறது. முடி வளர்ந்துவிட்டது, வயலுக்குப் போகிறேன். இப்போதும் பூக் கேட்கிறோம். ஆனால் யாருடைய உடம்போ அவர்கள்தான் பொட்டலம் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நீங்களும் ஆத்தாளிடம் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள், பெற்றவள் மாதிரி பொறுத்துக்கொள்வாள், பதிலும் சொல்வாள். மிச்சப் பொட்டலத்தை மட்டும் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிடாதீர்கள்.