நட்சத்திரம் வாங்கிய வாளிகள்

வாளியக்காவின் முழங்கால்களுக்குத்தான் விஷயம் முதலில் தெரிந்தது. அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு மாடிகள். மாடிக்குப் பன்னிரண்டு வீடுகள். மாடிக்கு இரண்டு வாளிகள். நாற்பத்தெட்டு வீட்டுச் சமையற்கழிவும் அந்த எட்டு வாளிகளில் சேரும். வாடை தங்கிவிடும் என்று மின்தூக்கியில் வாளிக்கு இடமில்லை. ஆகவே காலை ஏழு மணிக்குத் தொடங்கி, நடைக்கு ஒரு வாளியாக எட்டு நடை அவர் படியிறங்குவார். கீழே எடை பார்த்து எழுதிவிட்டு, பின்புறக் குழிகளில் கொட்டி, காய்ந்த இலை தூவி மூடுவார். மூன்று மாதத்தில் அது எருவாகும். ஊருக்கு வெளியே கீரை பயிரிடுபவர் வாரம் ஒருமுறை வந்து மூட்டை கட்டிச் செல்வார். அதில் விளைந்த கீரையை அதே வாசலில் கொண்டுவந்து விற்பார். இரண்டாண்டுகளாக இப்படியே நடந்துவந்தது. இதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் மேலும் ஏழு குடியிருப்புகள் குழி வெட்டின.

அக்காவுக்கு இது வெறும் வேலையன்று. அவர் வீடு நகரத்தின் குப்பைமேட்டடியில் இருந்தது. மேடு புகையும், கணவர் இருமுவார். தையற்காரரான அவர், பட்டப்பகலிலும் சன்னலைச் சாத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டுதான் பல ஆண்டுகள் தைத்தார். எட்டுக் குடியிருப்புகளின் ஈரக்கழிவு மேட்டுக்குப் போவது நின்ற பிறகு, புகை ஓரளவு அடங்கியது. சென்ற ஆண்டு முதல், காற்று சாதகமாக இருக்கும் நாட்களில், அந்தச் சன்னல் திறந்தது.

இந்த நிலையில்தான், நான்கு மாதங்களுக்கு முன், குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு ஒரு யோசனை பிறந்தது. ஓய்வுபெற்ற மனிதர், நல்லவர், பலகை என்றால் உயிர். வாயிலில் ஒரு பலகையை மாட்டி, வாரந்தோறும் எந்த மாடியின் கழிவு அதிக எடையோ அந்த மாடிக்கு ஒரு நட்சத்திரம் என அறிவித்தார். ஊக்கம் கொடுத்தால் ஒழுங்காகப் பிரித்துப் போடுவார்கள் என்பது அவர் கணக்கு.

அதன்பின் வாளிகள் கனத்தன. ஒன்பது கிலோ இருந்தது பதினான்கு ஆயிற்று. அக்கா குறிப்பேட்டில் எழுதினார், ஆனால் நம்பவில்லை. தராசு பழையது, தன் உடம்பும் பழையது என்று எண்ணினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவது அப்போதுதான் பழக்கமாயிற்று. வயது ஐம்பத்தேழு. தேய்மானம் என்று முழங்காலைத் தடவிக்கொள்வார்.

குழிகள் நாறத் தொடங்கின. கீழ்வீடுகள் முகம் சுளித்தன. அவசரமாகக் கிளறிக் கட்டிய மூன்று மூட்டைகளைக் கீரைக்காரர் திருப்பிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்.

"அக்கா, இது எரு இல்ல, சேறு. ரெண்டு பாத்தி வேரோட அழுகிப்போச்சு. உங்க முகத்துக்காகச் சொல்றேன், இன்னொரு தடவை பாப்பேன். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

செயலாளர் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று அறிவித்தார். குழிகளை மூடிவிட்டுக் கழிவைப் பழையபடி லாரியில் ஏற்றலாமா என்பதே பொருள். இங்கே மூடினால் அந்த ஏழும் மூடும். பிறகு சன்னலும் மூடும். அக்காவுக்கு அது மனக்கணக்கு.

வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே படியேறியவர், மூன்றாம் மாடியில் ஒரு காட்சியைக் கண்டார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார், அரிசி களைந்த நீரை நிதானமாக வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். வெட்கமே படவில்லை.

"எங்க மாடி எப்பவும் கடைசிலயே நிக்குதும்மா. நாலாவது மாடியில குழாயையே திறந்துவிடறாங்க. நாங்க பரவாயில்ல, சத்துள்ள தண்ணிதான் ஊத்தறோம்."

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்கு மாதமாகத் தன் முழங்காலைக் குறை சொன்னது நினைவுக்கு வந்தது. கோபம் வரவேண்டும், கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

வீட்டில் சொன்னபோது கணவர் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார். "வாளி தூக்கறவ நீ. அவர் மாட்டின பலகையை நீ குறை சொன்னா, நாளைக்கு வாளியையும் வேற ஆள் தூக்குவான். யோசிச்சியா?" யோசித்ததாக அக்கா சொன்னார். யோசித்து முடிக்கவில்லை என்பதே உண்மை.

கூட்டத்துக்கு அவர் பேச்சுத் தயாரிக்கவில்லை. அன்றைய எட்டு வாளிகளையும், ஓட்டையுள்ள ஒரு பழங்கூடையையும், தராசையும் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு வாளியாக நிறுத்தார், கூடையில் கவிழ்த்தார், நீர் வடியும்வரை பொறுத்து மறுபடி நிறுத்தார். நான்காம் மாடி வாளியில் பாதிக்குப் பாதி நீர். யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. சபையில் சிலர் கூரையை ஆராய்ந்தார்கள்; வங்கி அம்மையார் கைப்பையில் எதையோ தேடினார்.

"இவ்வளவு தண்ணியச் செடிக்கு ஊத்தியிருந்தா, வாசல்ல காடே வளந்திருக்கும்," என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். சிரிப்பு எழுந்து அடங்கியது.

செயலாளரின் முகம் சிவந்தது. ஆனால் அவர் யோசனை வறண்ட மனிதரல்லர். உடனே எழுந்து, விதியைத் திருத்திவிடுவோம், இனி எடை குறைந்த மாடிக்கே நட்சத்திரம் என்றார். பலர் தலையாட்டினார்கள். மாடிக்காரர்கள் மிச்சத்தைக் கறுப்புப் பையில் கட்டி, வேறு குப்பையோடு மேட்டுக்கு அனுப்பும் காட்சி அக்காவின் கண்முன் விரிந்தது. கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. அதிகமோ கொறைச்சலோ, நட்சத்திரமே வேண்டாம். உள்ளதை உள்ளபடி போடட்டும். நான் தூக்கிடறேன்."

பிறகு செயலாளர் துணியை எடுத்துச் சென்று பலகையைத் தானே துடைத்தார். துடைத்த பலகையைக் கழற்ற மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. குழிகளுக்கு ஒரு மாதத் தவணை கிடைத்தது.

அந்த மாதம் முழுவதும் அக்கா குழிகளைக் கிளறி, காய்ந்த இலையும் மரத்தூளும் கலந்தார். வாளிகள் ஒன்பது கிலோவுக்குத் திரும்பின. ஆயினும் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்காரும் பழக்கம் போகவில்லை. முழங்கால் சொன்னதில் பாதி உண்மையும் இருந்திருக்கிறது.

மாத முடிவில் கீரைக்காரர் வந்தார். நான்கு குழிகளிலும் கையை விட்டு, பிடித்துப் பார்த்து, முகர்ந்தார். மூன்றைத் தள்ளினார். ஒரு குழியில் மட்டும் ஒரு மூட்டை கட்டினார்.

"இப்போதைக்கு ஒண்ணு. விளைச்சலைப் பாத்துட்டு மத்ததைச் சொல்றேன், அக்கா."

ஒன்று போதும், குழி மூடாது என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு அக்கா வீடு திரும்பினார். கணவர் சாத்திய சன்னலருகே தைத்துக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டுத் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"திறக்கவா?"

அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"இரு. காத்து எந்தப் பக்கம்னு பாத்துட்டுத் திற."