சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்

எனக்கு வாய் அதிகம் என்று இப்போதும் சொல்கிறார்கள். இருக்கட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டோம்.

எழுபதுகளின் நடுவில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நாங்கள். நான், வீட்டுக்காரர், இரண்டு பெண் குழந்தைகள். அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே வந்தால் சிலோன்காரர் என்றார்கள். வரிசையாய்க் கட்டிய லயத்து வீடுகளில் எங்களுக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தின அறை. கடைசி அறையில் ஒரு பெரியவர், தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற ஆள், திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை கிடையாது. இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது. என் சின்னவள் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டுவார்.

வந்த மறுநாளே நான் ஒரு தப்புச் செய்தேன். நான் பிறந்த தோட்டத்தில் புதிதாக வரும் ஆளுக்குக் கொழுந்துக் கூடையை வாசல் பக்கத்திலேயே மாட்டி வைத்துவிடுவார்கள். இங்கேயும் இரண்டு கதவுக்கும் நடுவில் ஆணியில் ஒரு கூடை தொங்கியது. எனக்குத்தான் என்று நினைத்து முதுகில் மாட்டிக்கொண்டு, பெயர் கூப்பிடுகிற மஸ்டர் களத்துக்குப் போய்விட்டேன்.

"ஏட்டி சிலோன்காரி! யாரக் கேட்டு எம் பொஞ்சாதி கூடைய எடுத்தே?" என்று பெரியவர் களமே அதிரக் கத்தினார்.

செத்தவளின் கூடை என்று தெரிந்திருந்தால் கை வைத்திருப்பேனா? ஆனால் வெட்கம் வந்தால் எனக்கு வாய்தான் முந்தும். "சாயங்காலம் கழுவித் தாரேங்க. இப்பக் கழட்டினா கொழுந்த உங்க தலப்பாவிலயா கொட்டுறது?" என்றேன். களமே சிரித்தது. அவர் விருட்டென்று போய்விட்டார்.

அன்று முழுக்க ஆத்திரத்தில் கிள்ளினேன். சாயங்காலம் தராசில் என் எடைதான் முதல். எடை பார்க்கிற தோட்டத்துக் கண்டக்டர் நம்பாமல் இன்னொரு தடவை நிறுத்துப் பார்த்தார். சிலோன் கை எப்படிப்பட்டது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். பெருமையடிக்கிறேன்தான், அதற்கென்ன!

கூடையைக் கழுவி அதே ஆணியில் மாட்டினேன். விடிந்து பார்த்தால் அது என் வாசலில் இருந்தது. பெரியவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "சும்மாக் கெடந்தா எலி குடியேறிரும். எடுத்துட்டுப் போ" என்றார்.

அவருடைய பிரியமெல்லாம் வசவாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் செய்தால், "காரம் மூக்க அரிக்குது" என்று சுவருக்கு மேலாகச் சத்தம் போடுவார். பெரியவளிடம் ஒரு தட்டு கொடுத்தனுப்பினால் சத்தம் நின்றுவிடும். குழாயடியில் ஒருத்தி எங்களை அகதி என்றபோது மட்டும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். "ஒந் தாத்தன் மலையேறி நடந்து வந்தான். இவ கப்பல்ல வந்தா. வேறென்னட்டி வித்தியாசம்?" அதன்பிறகு அந்த வார்த்தையை லயத்தில் யாரும் சொல்லவில்லை.

மூன்று வருஷத்தில் அவருக்கு ஓய்வு வந்தது. வேலை போனால் அறையையும் விட வேண்டும், அதுதான் தோட்டத்துச் சட்டம். ஊரில் இருந்த அண்ணன் மகனுக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை. ஒருநாள் தகரப் பெட்டியை அடுக்க ஆரம்பித்தார். மனைவியைப் புதைத்த மலையை விட்டு எங்கே போவார் இந்த மனிதர்? சின்னவள் இருமியும் சுவர் தட்டுகிற சத்தம் வராதபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதே மாதம் என்னை நிரந்தரம் ஆக்கினார்கள், வீட்டுக்காரருக்கு முன்னாலேயே. நிரந்தரமானவர் தன்னை நம்பி இருக்கிறவர்களின் பெயரைப் பதிய வேண்டும். பெற்றோரையும் பதியலாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு அறை; பெரியவரையும் சேர்த்தால் நாங்கள் ஐந்து பேர். எனக்கு வேறென்ன யோசனை வேண்டும்? பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கையைப் பிடித்து ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அப்பா" என்று சொல்லி அவர் பெயரைக் கொடுத்தேன். கிளார்க் பேனாவை வைத்துவிட்டார். பின்னால் நின்ற தோட்டத்து மேனேஜர் துரை பெரியவரைப் பார்த்து, "இது உன் மகளா?" என்று கேட்டார். பெரியவர் பொய் சொல்லி அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "மக இல்லன்னா, இவ வாய்க்கு நான் ஏன் தொர இத்தன வருசம் அடங்கிக் கெடக்கேன்?"

துரை சிரித்தபடியே எழுதச் சொல்லிவிட்டார். இருவரும் வெளியே வந்து பாதி வழி இறங்கியிருப்போம். பெரியவர் நின்றார். "எம் பேர எங்க எழுதுனான்?"

"கடைசியிலப்பா. சின்னவ பேருக்குக் கீழ."

மூச்சிரைக்க மறுபடி மேட்டில் ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் கிளார்க்கின் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அடிச்சுட்டு மேல எழுதுங்க சார். பேத்திகளுக்குக் கீழயா தாத்தன் பேர எழுதுவாக?"