பின் சீட்டிலிருந்து வந்த புகார்

எங்கள் தொழிலில் வண்டி பொய் சொல்லாது. வண்டிக்காரர்தான் சொல்வார், அதுவும் கூசாமல் சொல்வார்.

நான் புனேயில், ஔந்த் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசர். ஸ்பேனர் பிடிக்கும் வேலை இல்லை. வண்டியோடு வருகிறவரை உட்காரவைத்து, என்ன கோளாறு என்று கேட்டு, ஜாப் கார்டு என்கிற தாளில் எழுதிக்கொள்ளும் வேலை. அந்தத் தாளில் ‘வாடிக்கையாளர் சொன்ன புகார்’ என்று ஒரு கட்டம் உண்டு. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, கீழே கையெழுத்து வாங்கவேண்டும். கையெழுத்து விழாமல் எங்கள் மெக்கானிக் தானாஜி போனட்டைக்கூடத் தூக்கமாட்டார்.

அப்பாவுக்குப் புனேயை ஒட்டிய ஆகுர்டியில் வாகனத் தொழிற்சாலையில் வேலை. நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். அதனால் மராத்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ், அம்மா அடித்து மிரட்டிச் சொல்லிக்கொடுத்தது. தமிழ்க் குடும்பம் எது வந்தாலும் “உங்க ஆளு” என்று என் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். அதிலும் ஏழு பேர் உட்காரும் வேன் என்றால் கேட்கவே வேண்டாம். வேன் வைத்திருக்கும் சக பாவிகளே, நீங்கள் படும் பாட்டில் பாதி எனக்கும் உண்டு. என்னைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள்.

பாட்டு போட்டால் நிற்கும் சத்தம்

தங்கவேலு சார் ஈரோட்டுக்காரர். ராணுவத் தளவாடங்கள் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி சரோஜாம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆட்டோவில் ஏற முடியாது, காரில் குனிந்து நுழைய முடியாது. அதற்காகவே சார் ஒரு பழைய வேன் வாங்கினார். தரை தாழ்வு, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு. செவ்வாயும் வெள்ளியும் பிசியோதெரபி, ஞாயிறு காலை கடக்வாஸ்லா அணைக்கரை. மற்ற நாளெல்லாம் நாலாவது மாடி பிளாட்தான். வேன் ஓடினால்தான் சரோஜாம்மா வெளியுலகத்தைப் பார்ப்பார். வேன் நின்றால் அவரும் வீட்டோடு நிற்பார்.

அப்படிப்பட்ட வண்டியை முதல் முறை கொண்டுவந்தபோது, முன்சக்கரத்திலிருந்து அம்மி கொத்துவதுபோல் சத்தம் வந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் பேடு தேய்ந்து தேய்ந்து வெறும் இரும்புத் தகடு நிற்கிறது. அது டிஸ்க்கையும் உழுதுவிட்டிருந்தது. தெரிந்துகொள்ளுங்கள்: பேடு தேயும்போது கீச்சென்று கத்துவதற்காகவே பல வண்டிகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். கீச் என்றால் இந்த வாரம் வாருங்கள். கரகரவென்றால் இன்றைக்கே வாருங்கள். “கீச் சத்தம் எப்போ சார் ஆரம்பிச்சுது?” என்று கேட்டேன். சார் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

“பாட்டு போட்டா சத்தம் கேக்கறதில்லீங்க அம்மிணி, அதனால போன மாசமே சரியாப்போச்சுன்னு நெனச்சனுங்க.”

நாலு பேரும் மூன்று மூட்டைகளும்

கோடை விடுமுறை முடிந்து ஜூன் முதல் வாரம் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்து பாருங்கள். ஊருக்குப் போய்த் திரும்பிய தமிழ் வேன்கள் வரிசையாக நிற்கும், முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் உட்கார்ந்து. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பதி வந்தார்கள். “எதிரே வர்றவங்க எல்லாரும் லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டறாங்க, ஏன்னு தெரியல” என்பதுதான் புகார். ஏனென்றால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டு எதிரே வருகிறவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிவு. டயரில் காற்றோ, பாரமில்லாமல் வண்டி ஓடும்போது வைக்கும் அளவில்தான்.

புனேயில் அரிசி கிடைக்காதா, தேங்காய் கிடைக்காதா, கிரைண்டர் கிடைக்காதா? எல்லாம் கிடைக்கும். ஆனாலும் நம்மவர்கள் ஊரிலிருந்து வெறும் வண்டியாக வந்தால் ஏதோ குறைந்துபோனதாக நினைப்பார்கள். தாராளமாகக் கொண்டுவாருங்கள், நான் தடுக்கவில்லை. கிளம்புமுன் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து, முழுப் பாரத்துக்கு என்ன காற்று என்று போட்டிருக்கிறதோ அதை அடைத்துக்கொண்டு வாருங்கள். கனமானதைக் கடைசி வரிசைக்குப் பின்னால் திணிக்காமல் நடுவில் வையுங்கள். இதையெல்லாம் நான் பொறுமையாகச் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் கணக்குத் தீர்த்தார்.

“ஏழு பேர் உக்கார்ற வண்டிதானே மேடம், நாங்க நாலு பேர்தான் வந்தோம். மிச்ச மூணு சீட்ல அரிசியும் தேங்காயும் கிரைண்டரும்தான் உக்காந்திருந்துச்சு.”

ஈரம்

மழைக்காலத்தில் தங்கவேலு சார் மறுபடி வந்தார். வண்டிக்குள் நாற்றம் என்றார். எலி செத்துக் கிடக்கும் என்று தானாஜி சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடினார். எலி இல்லை. நடு வரிசையில் கால் வைக்கும் இடத்தில் கம்பளத்தை அமுக்கினால் தண்ணீர் பொங்கி வந்தது. ஏ.சி. தண்ணீர் வெளியே சொட்டுவதற்கு வண்டிக்கு அடியில் ஒரு குழாய் இருக்கும். அது சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே இறங்கிவிடும். மழை ஆரம்பிக்கும் முன் ஒர்க்‌ஷாப்பில் அதைச் சுத்தம் செய்துதரச் சொல்லுங்கள், பத்து நிமிஷ வேலை. ஏ.சி. போட்டு நிறுத்திய வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் சந்தோஷப்படுங்கள். சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

எனக்கு உறுத்தியது வேறு விஷயம். கம்பளம் ஊறியிருந்த அளவைப் பார்த்தால் ஒரு வாரமாவது ஆகியிருக்கும். அந்த இடத்தில்தான் சரோஜாம்மாவின் இடது கால் இருக்கும். அன்றைக்கு அவரும் வந்திருந்தார், சக்கர நாற்காலியில், ஒர்க்‌ஷாப் வாசலில். “உங்களுக்கு ஈரமாத் தெரியலையாம்மா?” என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேச்சு அவருக்கு மெதுவாகத்தான் வரும். சிரித்துக்கொண்டே சொன்னார்.

“எடது காலு எங்கிட்ட ஒண்ணுமே சொல்றதில்லீங்க. வண்டியாச்சும் சொல்லியிருக்கலாம்.”

ரேடியேட்டருக்கு மாலை

தசராவுக்கு இந்த ஊரில் சாமந்திப் பூ மலை மலையாகக் குவியும். நம்மவர்களுக்கும் அதே சமயம் ஆயுத பூஜை. ஆகவே இரண்டு ஊர் பக்தியும் சேர்ந்து வண்டியின் முகத்தில் விழும். சென்னைக்காரர் ஒருவர் தன் வேனின் முன்கிரில்லை முழுவதும் மூடி, நான்கு சரம் சேர்த்துக் கட்டி, உள்ளே ஏழு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யையும் போட்டு காத்ரஜ் மலை ஏற்றத்தில் ஏறியிருக்கிறார். பாதி ஏற்றத்திலேயே டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. நல்ல வேளையாக நிறுத்திவிட்டார். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைவாகத்தான் இருந்தது. பழி முழுவதையும் பூமேல் போட முடியாது. முள் ஏறினால் ஓரம்கட்டி அணையுங்கள், ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். ஒரு மணி நேரமாக ரேடியேட்டரில் சிக்கிய பூவை இடுக்கியால் இதழ் இதழாகப் பிடுங்கிக்கொண்டிருந்த தானாஜி, நிமிர்ந்து கையெடுத்துக் கும்பிட்டு மராத்தியில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்.

“மாலையை சாமிக்குப் போடுங்க சாகேப். ரேடியேட்டருக்குக் காத்துதான் நைவேத்தியம்.”

டிசம்பர் மாதத்துக் கதவு

தள்ளித் திறக்கும் கதவு வேனுக்கு அழகு, வேன்காரருக்குத் தலைவலி. கீழே ஓடும் தண்டவாளத்தில் மிக்சர், அவலில் செய்த சிவ்டா, குழந்தைகள் போட்ட பென்சில் துண்டு எல்லாம் போய் அடையும். பழைய டூத் பிரஷ்ஷால் மாதம் ஒருமுறை தேய்த்து எடுங்கள். அதன்பின் சிலிக்கான் ஸ்பிரே கொஞ்சம் அடியுங்கள். அதோடு கையைக் கழுவிவிடுங்கள். சமையலறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு தங்கவேலு சார் போன் பண்ணினார். பிசியோதெரபி சென்டர் வாசல், இடது கதவு திறக்கவில்லை, சரோஜாம்மா உள்ளே. வலது கதவை ஒட்டி சக்கர நாற்காலியை மடித்துக் கட்டியிருந்தார். அதை அவிழ்த்துவிட்டு இழுத்துப் பார்த்தால் அந்தக் கதவும் இடித்த புளி. முன்சீட்டு வழியாக அவரை எடுக்க முடியாது. தானாஜியின் பைக்கில் ஏறிப் போனேன். தண்டவாளத்தில் வெள்ளையாக, கெட்டியாக, தூசியோடு குழைந்து ஏதோ இறுகியிருந்தது. விரலால் சுரண்டி மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்!

புனேக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறையும் என்று சாருக்குத் தெரியாதா? தினமும் காலையில் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி உருக்கி, மனைவியின் இடது கைக்குத் தேய்த்துவிடுகிறவர். பாட்டிலில் உறைவது தெரிந்த மனுஷருக்கு, அக்டோபர் வெயிலில் கதவுக்கு விட்டது டிசம்பரில் என்ன ஆகும் என்று தோன்றவில்லை. பக்கத்து பியூட்டி பார்லரில் ஹேர் டிரையர் வாங்கி, டீக்கடையிலிருந்து ஒயர் இழுத்து, தானாஜி மண்டிபோட்டுத் தண்டவாளத்துக்குச் சூடு காட்டினார். நாற்பது நிமிஷம். வெளியே சார் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்தில் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். கதவு திறந்ததும் சார் முகத்தைப் பார்த்தேன், “ஏன் சார் இந்த எண்ணெய்?” என்று மட்டும் கேட்டேன்.

“அவ கைக்குத் தேச்சது போக மிச்சம்தானுங்க அம்மிணி. வீணாப் போகுதேன்னு கதவுக்கும் தேச்சுட்டனுங்க.”

கடைசி ஜாப் கார்டு

அதற்குப் பின் பத்து நாள் வேன் நகரவில்லை. பிசியோதெரபி பெண்ணை வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அணைக்கரையை வீட்டுக்கு வரச் சொல்ல முடியாது அல்லவா, ஞாயிற்றுக்கிழமை நின்றுபோனது. பதினோராம் நாள் இருவரும் வந்தார்கள். சார் என் எதிரில் உட்கார்ந்து, வண்டியை விற்கப்போவதாகச் சொன்னார். பெங்களூரில் இருக்கும் மகனும் அதைத்தான் சொல்கிறானாம். “கதவு, பிரேக்கு எல்லாம் பாத்து, வாங்கறவன் கொறை சொல்லாத மாதிரி பண்ணிக் குடுங்க. உள்ள அவ இருக்கறப்ப ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்குத் தாங்காதுங்க” என்றார். சொன்னபடியே எழுத ஆரம்பித்தேன்.

வேன் என் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தது. பின் சீட்டு ஜன்னல் இறங்கியது. சரோஜாம்மா வலது கையால் என்னைக் கூப்பிட்டார். “அம்மிணி, அந்த வண்டில உக்கார்றவ நானு. எம் புகாரையும் எழுதுங்க” என்றார். எழுதினேன், ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல். கார்டை சார் கையில் கொடுத்தேன். படித்தார். “இதையெல்லாமா எழுதுவீங்க, அடிச்சுப் போடுங்க” என்றார். வாடிக்கையாளர் சொன்னதை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். அது பாதி பொய். நானும் இந்தத் தொழிலில்தானே இருக்கிறேன். சார் மறுபடி படித்தார். பேனாவை வாங்கினார். விற்பனை பற்றிய தன் வரியைத் தானே அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். அந்தக் கட்டத்தில் மிஞ்சியது சரோஜாம்மா சொன்னது மட்டும்தான்.

“வண்டில கொறை ஒண்ணுமில்லீங்க. ஓட்டறவருக்குத்தான் பயம் புடிச்சிருக்குது, ஞாயித்துக்கெழமைக்குள்ள அதைச் சரி பண்ணிக் குடுங்க.”

பிரேக்குக்கும் கதவுக்கும் ரேடியேட்டருக்கும் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் என்று நான் எழுதிக் கொடுத்துவிடுவேன், ஓட்டுகிறவருக்கு மட்டும் பின் சீட்டில் இருப்பவர்தான் பார்த்துச் செய்யவேண்டியிருக்கிறது.