மங்கை யாருக்கும் தராத பேர்

மங்கைக்கு நகை மேல் ஆசை கிடையாது, புடவை மேலும் கிடையாது. செஞ்சி மண்டியில் பகலெல்லாம் உட்கார்ந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைத்துப் பருப்பு பிரிக்கிறவள் அவள். பக்கத்தில் இருப்பவள் வைரத்தோடு போட்டு வந்தாலும் தலை நிமிர்ந்து பார்க்கமாட்டாள். ஆனால் தன் மகன் பேரை இன்னொருத்தி தன் பிள்ளைக்கு வைத்துவிட்டாள் என்று காதில் விழுந்தால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

அப்படி என்ன பொல்லாத பேர்? ரூசோ.

அறுபத்தொன்றில் பிறந்தவன் அந்தப் பையன். அவள் புருஷன் பெரியதம்பி மண்டியில் எடை போடுகிறவன், சாயங்காலமானால் கட்சிப் படிப்பகத்தில் பேப்பரைக் கரைத்துக் குடிக்கிறவன். சாமி கூடாது, ஜாதகம் கூடாது, ஐயர் கூடாது. அந்தக் காலத்தில் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தலைவர்தான் மேடையில் பேர் வைக்கவேண்டும். தலைவர் ஊருக்கு வருகிறவரை பிள்ளை பேரில்லாமல் தவழ்ந்துகொண்டு கிடக்கும். மங்கையின் பிள்ளையும் அப்படித்தான் கிடந்தது.

ஒருவழியாகச் சந்தைத் திடலில் கூட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து வந்த பேச்சாளர் பிள்ளையை வாங்கி மைக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "பிரெஞ்சு தேசத்து மக்களை விழிக்க வைத்த அறிஞன் பேர் இந்தப் பிள்ளைக்கு! ரூசோ!" என்றார். திடலே கை தட்டியது. அதுவரைக்கும் மங்கை செய்த எதற்கும் யாரும் கை தட்டினதில்லை. பாவி மனசு, அந்தச் சத்தத்தை அப்படியே முடிந்து வைத்துக்கொண்டது.

பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த பொன்னுசாமி மாமாதான் முதலில் சிரித்தார்.

"அடியே, அது அந்தாளோட வம்சப் பேருடி. வெள்ளக்காரன் புள்ளைக்கு இத வெக்கமாட்டான். அர்த்தம் தெரியுமா? செம்பட்ட மயிர்க்காரன்!"

"செஞ்சியில எவனுக்கு மாமா வம்சப் பேரு கீது? எம்புள்ளைக்கு இதான் பேரு" என்று மங்கை அவர் வாயை அடைத்துவிட்டாள். பிள்ளை கரிக்கட்டை நிறம். அன்றைக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அப்புறம் பேர் பரவிற்று. அவலூர்பேட்டையில் ஒரு ரூசோ, பனமலையில் ஒரு ரூசோ. மண்டிக்கு மூட்டை ஏற்றி வருகிற வண்டிக்காரன் பேரனும் ரூசோவாம். தொலைவில் இருக்கிறவன் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று மங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள். அறுபத்துமூன்றில் அதே தெருவில், சைக்கிள் கடை அரிகிருஷ்ணன் பெண்சாதி தனகோட்டி தன் பிள்ளைக்கு அந்தப் பேரை வைத்தாளே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அந்தப் பிள்ளை நல்ல சிவப்பு. முடியும் செம்பட்டை. பொன்னுசாமி மாமா சும்மா இருப்பாரா? "இதாண்டி நெஜ ரூசோ!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி வைத்தார். அன்றிலிருந்து தனகோட்டி மகன் ரூசோ, மங்கை மகன் கருப்பு ரூசோ. மேடையில் பேர் வாங்கியவன் எவன், பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவன் எவன்! மங்கைக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஒருநாள் குழாயடியில், தனகோட்டி காதில் விழும்படி ஒரு வார்த்தையை விட்டாள்.

"ஒரே தெருவுல ஒரே பேரு ரெண்டு புள்ளைக்கு இருந்தா, ஒண்ணு தாங்காதாம்."

யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. குடம் நிறைவதற்குள் அவளாகவே கட்டிவிட்ட கதை.

அடுத்த வருஷம் தனகோட்டியின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. விட்டது, மறுபடி வந்தது. டாக்டர் கொடுத்த மருந்தெல்லாம் வாந்தியாய்ப் போயிற்று. கேள்விப்பட்டதும் மங்கைக்குக் குழாயடியில் தான் விட்ட வார்த்தைதான் ஞாபகம் வந்தது. கூடவே, மனசின் ஒரு மூலையில் 'நல்லா வேணும்' என்றும் ஒன்று எழும்பியது. அதையும் மறைப்பானேன்?

புருஷன்மார் இரண்டு பேரும் திண்டிவனம் மாநாட்டுக்குப் போயிருந்த நாள், தனகோட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மங்கை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, இவன தவுட்டுக்கு வாங்கிக்க. உம்புள்ள கல்லாட்டம் கீறான். உங்கை ராசியான கை. நீ வாங்கி வேற பேரு வெச்சுடு. அவருக்குத் தெரிஞ்சா மூடநம்பிக்கைன்னு என்னைக் கொன்னே பூடுவாரு."

நோஞ்சான் பிள்ளையை ஒரு முறம் தவிட்டுக்கு விற்பது அந்தப் பக்கத்தில் உள்ள வழக்கம்தான். வாங்கினவள் புதுப் பேர் வைத்து, 'என் பிள்ளையை வளர்த்துக் கொடு' என்று பெற்றவளிடமே திருப்பிக் கொடுப்பாள். எமன் பழைய பேரைத் தேடி வந்து ஏமாந்து போவானாம்.

மங்கை தவிட்டைக் கொடுத்தாள். பிள்ளையை வாங்கினாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. ரூசோ என்றே திரும்பக் கூப்பிட்டு, நான் சொன்னது பொய்யடி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"பிச்சை" என்றாள். "இவன் பேரு பிச்சை. எம்புள்ளைய நல்லா வளத்துக் குடு."

தனகோட்டி அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மங்கைக்கு அன்றைக்கு எத்தனையோ நாள் கழித்துச் சோறு ருசித்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். மருந்தோ தவிடோ, யார் கண்டது? தவிட்டு விஷயம் தெரிந்து அரிகிருஷ்ணன் நாலு நாள் குதித்தான். பிறகு பிச்சை பிச்சையாகவே நிலைத்துவிட்டான். நடக்கத் தெரிந்ததிலிருந்து மங்கை வீட்டில்தான் பாதிச் சாப்பாடு. அவளையும் அம்மா என்றே கூப்பிட்டான். கருப்பு ரூசோ மறுபடி வெறும் ரூசோ ஆனான்.

அறுபத்தேழில் தேர்தலில் கட்சி ஜெயித்தது. அதே சந்தைத் திடலில் வெற்றிக் கூட்டம். தனகோட்டிக்கு இரண்டாவது ஆண் பிள்ளை பிறந்திருந்த நேரம். மூடநம்பிக்கையால் போன பேர் என்று புழுங்கிக்கொண்டிருந்த அரிகிருஷ்ணன், புதுச்சட்டை போட்ட குழந்தையை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போய், பேச்சாளர் காதில் ஏதோ சொன்னான்.

"ரூசோ!" என்றது மைக்.

மங்கைக்குத் தலை சுற்றியது. அடிப்பாவி! இத்தனை நாள் அக்கா அக்கா என்று காலைச் சுற்றிவந்தது இதற்குத்தானா? கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, தனகோட்டியை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று எழுந்தாள்.

முந்தானையை யாரோ இழுத்தார்கள். திரும்பினால் பிச்சை. திடல் முழுக்கக் கை தட்டிக்கொண்டிருக்க, அவன் மட்டும் தம்பியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யம்மா, அது எனக்குத்தான் மொதல்ல வெச்ச பேராமே? எங்கம்மா சொல்லுச்சு. ஜொரம் வந்ததால நீ எடுத்துட்டியாம்."

மங்கை முந்தானையை விடுவிக்கப் பார்த்தாள். அவன் விடவில்லை.

"அவனுக்கும் ஜொரம் வரட்டும். வந்தா, பேர எனக்குத் திருப்பிக் குடுத்துடுவே இல்ல?"

மங்கை சட்டென்று உட்கார்ந்து அவன் வாயைப் பொத்தினாள். "அப்படிச் சொல்லாதடா" என்றாள். குழாயடியில் தான் கட்டிவிட்ட கதைதான் பிள்ளை வாயில் திரும்பி வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தனகோட்டி பக்கம் போகாமல் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.